பழம்பாடல் மட்டுந்தானா இனிமை?
மீன்பாடும் தேனாடாம் மட்டக்களப்பின் வாவிக்கரை இல்லங்களிலே, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரின் பாடல்களை இலங்கை வானொலி குடியேற்றிற்று. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்குப் பின் அவர்கள் பிரிந்ததும் சுவை குன்றிவிட்டதென்பர் பெரியோர் சிலர்.

'பாவமன்னிப்பு' (1961), 'கர்ணன்' (1964) ஆகியவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் விஸ்வநாதன் தனித்து இசையமைத்த 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), பாட்டுக் குழுவொன்றின் கதையான 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகியன எவ்விதத்திற் குறைந்தன? 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்திலே இருவரும் மீண்டும் இணைந்தனர். அப்பாடல்களோ பழையனபோற் பேசப்படவில்லை. ஆகவே, கூட்டு மட்டுமே இனிமைக்குக் காரணமன்று.

முதலிற் கேட்ட பாட்டோடு நம் இளமையும் ஒட்டிக்கொள்கிறது. அவ்வினிமையையும் இசையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மாணவர்களே, இருகாலப் பாடல்களையும் கேளுங்கள். பெரியோரையும் உடனிருத்திக் கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.