அடைமுட்டையும் தாய்க்கோழியின் ஆரோக்கியமும்

உண்பதற்காக விற்கும் முட்டைக்கும், குஞ்சு பொரிப்பதற்காக விற்கும் முட்டைக்கும் வெளித்தோற்றத்தில் யாதொரு வித்தியாசமும் இல்லை. ஆயினும், வியாபாரத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு சரக்குகளாகும். உணவு முட்டை அடுப்பில் வெந்தவுடன் அதன் காரியம் முடிந்துபோகிறது. அடைக்கு வைக்கும் முட்டையின் காரியமோ அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. அதை வாங்குகிறவர் ஒரு தாய்க்கோழியின் நற்குணங்களையும், அதனிடம் மறைந்துள்ள வியாதிகளையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார்.

பிராய்லர் என்று வழங்கும் இறைச்சிக்கோழித் தொழிலில் இவ்விஷயம் முக்கியமானது. இத்தொழில் மூன்று கைகளில் நடைபெறுகிறது. தாய்க்கோழிகளையும் சேவல்களையும் வளர்த்து அடைமுட்டை எடுப்பவர் ஒருவர். யந்திரத்தில் வைத்துக் குஞ்சு பொரிப்பவர் மற்றொருவர். அக்குஞ்சுகளை ஏறக்குறைய ஆறு வாரம் வளர்த்து இறைச்சிக்கு விற்பவர் மூன்றாமவர். ஒரு தாய்க்கோழி சுமார் 25-ம் வாரத்தில் முட்டையிட ஆரம்பித்து, 60-ம் வாரம் கடந்தும் இடுகிறது. அதற்குள் அது நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகளுக்குத் தாயாகிறது. ஆகையால், முதற் கையில் உண்டாகும் குறை மூன்றாவது கையில் நூறு மடங்காகப் பெருகுகிறது. நஷ்டமோ, குறைக்குக் காரணமானவரை விட்டு, கடன் வாங்கிக் குஞ்சு வாங்கியவர் தலையில் விழுகிறது.

முட்டைக்குள் செல்லும் வியாதி

தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்லும் வியாதிகள் சில உண்டு. அவற்றுள் புல்லோரம் என்ற வியாதி எல்லாவற்றையும் விளக்கப் போதுமான உதாரணமாகும். இந்நோய் கண்ட குஞ்சுகள் சிறகு தொங்கி, சூடு தேடி ஒன்றாய்க் குவிந்து நிற்கும், வெண்மையாகக் கழியும், பின்புறத்தில் எச்சம் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் சாவு மிகுந்திருக்கும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வது அவசியம். நமது கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ராணிக்கெட் நோயே. 1927-ம் வருஷத்தில் இமயமலைப் பிரதேசத்திலுள்ள ராணிக்கெட் என்ற ஊரில் காணப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. அது வைரஸினால் உண்டாவது. குஞ்சென்றும் பெரிய கோழியென்றும் பாராமல் வெகு வேகமாய்ப் பரவும். புல்லோரம் பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமியினால் வருவது. பெரும்பாலும் இளங்குஞ்சுகளையே கொல்லும். எச்சத்தின் நிறம் ஒன்றாயிருப்பது கொண்டு வியாதியும் ஒன்றென்று எண்ணலாகாது. முன்னதற்குத் தடுப்பு ஊசி உண்டு. பின்னதற்குத் தாய்க்கோழியைச் சோதிப்பதே வழி.

இவ்வியாதியிலிருந்து பிழைத்த குஞ்சு வளர்ந்து பெட்டையாகும்போது, அது பார்வைக்குச் சுகமாகவே இருக்கும், இரை தின்னும், முட்டையும் இடும். ஆனால், கிருமியானது அதன் சூலகத்தில் தங்கியிருந்து, இடும் முட்டைகளில் ஒரு பகுதிக்குள் புகுந்துவிடும். அத்தகைய முட்டையொன்று பொரிக்கும் யந்திரத்தில் வைக்கப்பட்டால், குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும் சமயத்தில் அதன் ஈரமயிரும் தூசியும் யந்திரத்தின் காற்றாடியினால் எல்லாத் தட்டுகளுக்கும் வீசப்படுகின்றன. சுத்தமான பண்ணையிலிருந்து வந்த முட்டைகளும் அங்கே கெட்டுப்போகின்றன. தப்பிய குஞ்சுகள் மறுபடியும் கிருமி சுமக்கும் கோழிகளாகின்றன. இவ்வாறு வியாதி சக்கரம் போல் சுழன்றுகொண்டே இருக்கிறது.

அமெரிக்கர் செய்த ஏற்பாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வியாதியின் கிருமியை ரெட்ஜர் என்ற விஞ்ஞானி கண்டறிந்து 1900-ம் வருஷத்தில் வெளியிட்டார். பின்னர் அங்கே பெரிய பொரிக்கும் யந்திரங்கள் பரவின. பிறந்த குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சட்கரு அதற்குச் சுமார் மூன்று நாள் ஆகாரமாயிருப்பதால், 1918-ம் வருஷம் முதல் ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்பத் தொடங்கினார்கள். தொழில் பெருகியது, தபால் சென்ற ஊர்களுக்கெல்லாம் வியாதியும் உடன் சென்றது.

1913-ம் வருஷத்தில் ஜோன்ஸ் என்பவர் இரத்தப் பரீட்சையினால் கிருமி சுமக்கும் கோழியைக் கண்டுபிடிக்கலாமென்று காட்டினார். பிற்காலத்தில் அது பண்ணையிலேயே செய்யக்கூடியவாறு எளிதாயிற்று. கோழியின் சிறகு நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, வெள்ளைத் தட்டின்மேல் சாயமேற்றிய சோதனை மருந்து ஒரு துளியுடன் கலக்கிறார்கள். இரண்டு நிமிஷத்துக்குள் கலவை மணல் மணலாய்த் திரண்டால் அக்கோழி நோயுள்ளதென்று கொள்ள வேண்டும்.

ஆனால், சோதனை இருந்தால் மட்டும் போதுமா? ஒருவர் தம் கோழிகளைச் சோதித்து நோயுள்ளவற்றை நீக்கி, அண்டையிலுள்ளவர் அவ்வாறு செய்யாவிட்டால், இருவர் முட்டைகளும் ஒரே யந்திரத்தில் கலக்கும்போது முன்னவரின் செலவு வீணாகிறது. இதை உணர்ந்து 1935-ம் வருஷத்தில் அந்நாட்டு மத்திய சர்க்காரும், மாகாண சர்க்கார்களும், தொழிலாளரும் சேர்ந்து தேசீயக் கோழி அபிவிருத்தித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். இதில் சேர்வது அவரவர் இஷ்டம். சேர்ந்தவர் தம் கூட்டத்தைச் சோதனைக்கு விட வேண்டும். நோய் கண்ட கூட்டம் குறைந்தது 21 நாள் இடைவெளியில் இரண்டு முறை தொடர்ந்து சுத்தமென்று தேறினாலொழிய, சுத்தமான கூட்டமென்ற பெயரைப் பெறாது. வாங்குவோர் அத்தாட்சி உள்ள குஞ்சையே கேட்கத் தொடங்கியதும், சேராதவரும் சேரலாயினர். இன்று அந்நாட்டு வியாபாரப் பண்ணைகளில் புல்லோரம் அநேகமாய் இல்லாமற் போய்விட்டது. திட்டமும் வேறு பல வியாதிகளைச் சேர்த்துக்கொண்டு இன்றும் நடைபெறுகிறது.

இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சோதனையில் ஒரு கோழி நோயுள்ளதென்று தெரிந்தால், குறை அக்கோழியோடு நிற்பதில்லை. அக்கூட்டம் முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிறது. இது கடுமையாகத் தோன்றலாம். 1904-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட கிராம ஐக்கிய நாணய சங்கங்களில் ஒருவர் கடனுக்கு எல்லோரும் வரம்பின்றிப் பொறுப்பாளிகளாயிருந்தார்கள் என்பதைப் பழைய அங்கத்தினர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அப்பொறுப்பு இருந்ததனாலேயே ஒருவர் நடத்தையை மற்றவர் கவனித்தனர். சங்கத்தின் வாக்கை வெளியார் நம்பினர். அடைமுட்டைத் தொழிலில் இயற்கையே அத்தகைய பொறுப்பை விதித்திருக்கிறது.

தாய் கொடுக்கும் பாதுகாப்பு

முட்டை வழியாக வியாதி மட்டும் செல்வதில்லை; நோயைத் தடுக்கும் சக்தியும் செல்கிறது. தடுப்பு மருந்து பெற்ற தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புச் சக்தி மஞ்சட்கருவில் சேர்ந்து, குஞ்சை முதல் இரண்டு மூன்று வாரம் காக்கிறது. ஆறு வாரமே வாழும் இறைச்சிக்கோழிக்கு இது பெரும் உதவி. உதாரணமாக, 1962-ம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள கம்போரோ என்ற ஊரின் பெயரால் விவரிக்கப்பட்ட வியாதி, குஞ்சின் நோயெதிர்ப்பு உறுப்பையே அழிப்பது. இதற்காகத் தாய்க்கோழிகளுக்கு முட்டைப் பருவம் தொடங்குமுன் ஊசி போடுவது, அவற்றின் வயிற்றில் வரும் குஞ்சுகளுக்காகவே.

ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், சுமார் எட்டு வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். தாய்க்கோழிகளுக்கு முட்டையிடுமுன் மறுமுறையும் போடப்படும். நமது மாகாணத்தில் 1932-ம் வருஷத்தில் இராணிப்பேட்டையில் ஏற்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு ஸ்தாபனம் இத்தகைய மருந்துகளைத் தயாரித்து வந்திருக்கிறது. தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவர வேண்டும். வெயிலில் பட்ட மருந்தைப் போடுவது, போடாமலிருப்பதைக் காட்டிலும் கேடு. போட்டோம் என்ற தைரியத்தில் மற்ற ஜாக்கிரதைகளை விட்டுவிடுவோம்.

பண்ணையில் அனுசரிக்க வேண்டியவை

(1) சுமார் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இறைச்சி இனத்தின் தாய்க்கோழிக்குப் பசி அதிகம். வேண்டிய மட்டும் இரை கொடுத்தால் கொழுத்து, முட்டை குறைந்து, கால் வலிவு கெடும். ஆகையால், இரையை வயதுக்குத் தக்கபடி நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

(2) முட்டைகளை நாளொன்றுக்கு நான்கு முறைக்குக் குறையாமல் சேகரிக்க வேண்டும். தரையில் இட்ட முட்டையையும், அழுக்கு முட்டையையும், வெடித்ததையும் அடைக்கு அனுப்பலாகாது. ஈரத்துணியால் துடைப்பது தவறு. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக அழுக்குநீர் உட்செல்லும். சுத்தமான முட்டை வேண்டுமானால், முட்டையிடும் பெட்டியிலுள்ள கூளத்தைச் சுத்தமாய் வைப்பதே வழி.

(3) முட்டைகளை அகன்ற முனை மேலாக வைத்து, 60 முதல் 65 டிகிரி பாரன்ஹீட் குளிர்ச்சியுள்ள அறையில் வைக்க வேண்டும். சுமார் 75 டிகிரிக்கு மேற்பட்டால் கருவானது அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு மடிந்துபோகும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையில் பொரிப்பு குறையும். குளிரறையிலிருந்து எடுத்த முட்டையைத் திடீரென்று வெப்பத்தில் வைத்தால் ஓடு வியர்க்கும். அவ்வியர்வையில் கிருமி உட்புகும்.

(4) ஒரு கொட்டகையில் ஒரே வயதுள்ள கோழிகளை ஒன்றாக விட்டு, ஒன்றாகவே அகற்றி, சுத்தம் செய்து, சில நாள் காலியாய் விட வேண்டும். வாயிலில் கிருமிநாசினித் தொட்டி இருக்க வேண்டும். மற்றப் பண்ணைக்குச் சென்று வந்த முட்டைத் தட்டு, வண்டி, செருப்பு ஆகிய இவையே வியாதியைச் சுமந்து வருபவை. காக்கை, குருவி, எலி இவை உட்புகாமல் வலையடிக்க வேண்டும்.

(5) செத்த கோழியை வாய்க்காலில் எறிவதும், நாய்க்குப் போடுவதும் அடுத்தவர் பண்ணைக்கு வியாதியைத் தூக்கிச் செல்வதற்குச் சமானம். சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். அல்லது எரித்துவிட வேண்டும்.

(6) தினந்தோறும் முட்டை, இரை, சாவு, கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு ரிஜிஸ்தரில் எழுதி வர வேண்டும். வியாதியை முதலில் கண்டறிவது பெரும்பாலும் இக்கணக்குத்தான். முட்டையும் இரையும் சேர்ந்து குறைவது கொட்டகையில் சாவு தெரிவதற்குச் சில நாள் முன்னதாகவே எழுத்தில் தெரிந்துவிடும்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. புல்லோரம் கண்ட கூட்டத்துக்கு மருந்து கொடுத்தால் சாவு குறையலாம். ஆனால் கிருமி சுமக்கும் கோழி சுத்தமாகிவிடாது. சாவு நின்றதென்று மகிழ்ந்து அம்முட்டைகளை அடைக்கு விற்பவர் வியாதியையே விற்கிறார். மேலும், மனிதருக்குக் கடைசித் துணையாக வைத்திருக்கும் மருந்துகளைக் கோழிகளுக்குத் தாராளமாய்க் கொடுத்தால், அவற்றுக்கு அடங்காத கிருமிகள் உண்டாகும். இதை முன்னிட்டே கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்குரிய பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் விற்பதை இந்திய சர்க்கார் 2019 ஜூலையில் தடை செய்தார்கள்.

சட்டம் கேட்பது என்ன?

பிராணிகளின் தொற்றுவியாதித் தடுப்புச் சட்டம் இந்தியாவில் 2009-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன் ஜாபிதாவில் பறவைக் காய்ச்சல், ராணிக்கெட், புல்லோரம் முதலிய கோழி வியாதிகள் அடங்கியுள்ளன. ஜாபிதாவில் கண்ட வியாதி இருப்பதாகச் சந்தேகித்தால், சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் அதைக் கால்நடை வைத்தியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம். நோயுள்ள பிராணியை மற்றவற்றினின்று பிரித்து வைப்பதும் சொந்தக்காரர் கடமையே.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்திலுள்ள நவாப்பூரில் உறுதியாயிற்று. அத்தகைய காலத்தில், நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள கோழிகளைச் சர்க்கார் கொன்று, முட்டை, தீவனம் இவற்றையும் அழிக்க நேரிடுகிறது. கொல்லப்படும் கோழிகளுக்கு நஷ்டஈடு கொடுக்கும் ஏற்பாடு உண்டு. முந்தித் தெரிவித்தால் அழிவு சிறு எல்லைக்குள் அடங்கும். மறைத்துவைத்து, இரவோடு இரவாகக் கோழிகளை விற்றுவிட்டால், விற்றவருக்குச் சில நூறு ரூபாய் மிஞ்சலாம். அவை சென்ற வழியெல்லாம் கொட்டகைகள் காலியாகும்.

சங்கம் செய்யக்கூடியது

நன்றாய் முட்டையிடும் கோழியைச் சோதனையில் தேறவில்லையென்று நீக்குவது யாருக்கும் மனக்கஷ்டமான காரியமே. நூறு கோழியுள்ள ஒருவரிடம் மூன்று கோழிகள் நோயுள்ளவையாகத் தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். அவருடைய நஷ்டம் மூன்று கோழி விலை. நீக்காவிட்டால், அம்முட்டைகள் சென்ற யந்திரத்திலிருந்து குஞ்சு வாங்கிய பத்துப் பேருக்கும் நஷ்டம். ஆனால், முதல் நஷ்டம் கண்முன் தெரிகிறது. இரண்டாவது வேறு ஊரில் நேர்கிறது. ஆகையினாலேயே இதைத் தனி மனிதரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது.

கோழி வளர்ப்பில் ஈடுபட்ட சங்கங்கள் பின்வரும் தீர்மானங்களை நிறைவேற்றி அமுலில் வைக்கலாம். சோதித்துத் தேறிய கூட்டத்தின் முட்டைகளையே யந்திரத்தில் ஏற்பது. ஒவ்வொரு பண்ணையின் முட்டைக்கும் அடையாளமிட்டு, எந்தத் தட்டிலிருந்து வந்த குஞ்சு யாருக்குச் சென்றது என்று கணக்கு வைப்பது. சோதனைச் செலவையும், நீக்கிய கோழிகளின் விலையில் ஒரு பகுதியையும் சங்கத்தின் பொது நிதியிலிருந்து கொடுப்பது. இக்கடைசி ஏற்பாடு தர்மமன்று, சிக்கனமே. நஷ்டத்தில் பங்கு கிடைக்குமென்று தெரிந்த அங்கத்தினர் வியாதியை மறைக்கமாட்டார்.

அடைமுட்டை ஒன்றை அங்கத்தினர் தட்டில் வைக்கும்போது, 21 நாள் கழித்து அது யார் வீட்டு முற்றத்தில் நடக்கப்போகிறதென்பதை அவர் அறியார். வாங்குபவரும் அந்த முட்டையிட்ட கோழியைக் கண்டவரல்லர். இருவருக்குமிடையே உள்ளது சங்கத்தின் பெயர் ஒன்றே. அப்பெயர் நம்பத்தக்கதாயிருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒவ்வொரு அங்கத்தினருடைய கடமையாகும்.