பலெர்மோவில் இருந்து மடோனியே: ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்

மக்களே, இது போயிட்டு வந்த பதிவு இல்லை, போகப்போற பதிவு. மூணு தடவை அடிச்சு அடிச்சு எழுதின திட்டம். பலெர்மோ பக்கம் வர்றவங்களுக்கு உதவுமேன்னு இங்கே போட்டு வைக்கிறேன்.

இடம், மடோனியே மலைகள். பேச்சுவாக்கில் நேஷனல் பார்க்னு சொல்றோமே தவிர, 1989ல் உருவான பிராந்தியப் பூங்கா அது. சிசிலியில் தேசியப் பூங்கான்னா 2016ல் அறிவிச்ச பாந்தெல்லேரியா தீவுதான். மடோனியே சுமார் 40,000 ஹெக்டேர். உச்சியின் பேரு பீட்ஸோ கார்பொனாரா. (பீட்ஸாவும் பாஸ்தாவும் இல்லைங்க, சிகரம்!) 1,979 மீட்டர். சிசிலியில் எட்னாவுக்கு அடுத்த உயரம்.

முதல் திட்டத்தில் ஏழு இடம் வச்சிருந்தேன். ரயிலில் செஃபாலு, அங்கிருந்து பஸ்ஸில் கஸ்தெல்புவோனோ. நம்ம ஊர்ல பாளை சீவிப் பதநீர் இறக்குற மாதிரி, அங்கே கோடையில் ஒரு மரத்தோட பட்டையைக் கீறி 'மன்னா'ன்னு இனிப்புப் பால் எடுக்குறாங்க. அப்புறம் மலைமேல பியானோ பத்தாலியா, இன்னும் நாலு ஊரு.

பஸ் அட்டவணையைப் பார்த்ததும் பாதி காலி. அதுல 'ஃபெரியாலே'ன்னு போட்டிருந்ததை விடுமுறை நாள்னு நினைச்சுட்டேன். அர்த்தம் நேர் எதிர், வேலை நாள்! விடுமுறைன்னா 'ஃபெஸ்தீவோ'. அந்தப் பத்தியில் பஸ்ஸைத் தேடித்தான் பார்க்கணும். கிடைச்சாலும் ஊர் வரைக்கும்தான், மலைமேல கார் இல்லாம நடக்காது.

நம்ம ஊர் லைசென்ஸும் சர்வதேச அனுமதியும் இங்கே குடியிருப்பைப் பதிஞ்சு ஒரு வருசம் வரைக்கும்தான் செல்லும். எனக்கு அது முடிஞ்சு போச்சு. அதனால கீழ்வீட்டு அண்ணாவைக் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், இத்தாலி லைசென்ஸ் வச்சிருக்கார். இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேல ஆகுது, ஒரு வீட்டில் வேலை. முழு நாள் ஓய்வு ஞாயிறு மட்டும்தான்.

"மடோனியேக்கு நான் ஒருக்காலும் போனதில்லை தம்பி. எனக்கு மலையெண்டா பெல்லெக்ரினோதான்"னார்.

பலெர்மோவை ஒட்டி நிக்குற 606 மீட்டர் மலை அது. மலைமேல குகைக்குள்ள சாந்தா ரோசாலியா கோயில். நம்ம தமிழர்கள், சைவக்காரங்களும் சேர்த்துத்தான், ஞாயிறு காலையில் நடந்தே ஏறுவாங்க.

ஏழு இடத்தையும் பெருமையா காட்டினேன். முழுசாப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திங்கள் விடிய ஆறு மணிக்கு எனக்கு வேலை. எத்தினை மணிக்குத் திரும்பி வீட்ட வருவம்?"

எனக்குப் பதில் தெரியலை. என் திட்டத்தில் கிளம்புற நேரம் நிமிசம் சுத்தமா இருந்தது, திரும்புற நேரமே இல்லை. எனக்கு அது ஊர் சுத்தல். அவருக்கு, வாரத்தில் இருக்குற ஒரே நாள். வண்டி ஓட்டப் போறதும் அவர்தான்.

அன்னைக்கு ராத்திரி திட்டத்தைத் தலைகீழா எழுதினேன். மாலை ஆறு மணிக்கு வீடு. அதில் இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே போனா ரெண்டே இடம்தான் தேறுச்சு.

ஒண்ணு, பொலீட்ஸி ஜெனெரோசா ஊருக்கு மேல இருக்குற ஒரு பள்ளத்தாக்கு. நெப்ரோதி ஃபிர்னு ஒரு ஊசியிலை மரம், உலகத்திலேயே இந்த மலையில் மட்டும்தான் தானா வளருது. உத்தரத்துக்காக நூற்றாண்டுக்கணக்கா வெட்டித் தீர்த்துட்டாங்க. 1900 வாக்கில் அழிஞ்சே போச்சுன்னு எழுதிட்டாங்க. 1957ல் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு வளர்ந்த மரம்னு பார்த்தா சுமார் 30. ஒவ்வொண்ணுக்கும் நம்பர், மான், காட்டுப்பன்றி கிட்ட வராம வேலி. பக்கத்தில் நட்ட வேற ஊர் ஃபிர் மரங்களோட மகரந்தம் கலந்து இனமே மாறிடுமோன்னும் பயம்.

ரெண்டாவது, பியானோ பத்தாலியா. சுமார் 1,600 மீட்டர், நம்ம ஏற்காட்டை விடக் கொஞ்சம் உசரம். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்குற இடம். நாங்க மே மாசம் போறோம், அதனால டயருக்குச் சங்கிலி தேவைப்படாது.

இறுதித் திட்டம்:

காலை 6.30: கிளம்பல். ஏ19 நெடுஞ்சாலையில் ஸ்கில்லாத்தோ வரை, அப்புறம் மலை ஏற்றம். மொத்தம் சுமார் 90 கி.மீ.

8.30: பொலீட்ஸியில் காபி.

9.30 - 12.30: மரங்களைத் தேடி நடை. குடிதண்ணி கையோட.

1.00: பியானோ பத்தாலியா. கட்டுச்சோறு, அரை மணி தூக்கம் (அண்ணாவுக்கு மட்டும்!).

3.30: இறக்கம். மேகம் இறங்கினா எந்நேரமானாலும் உடனே கிளம்பிடணும். வளைவுப் பாதை, மூடுபனி.

6.00: வீடு. அரை மணி கையிருப்பு இருக்கு.

மன்னாவை விட்டாச்சு. சிகரத்தையும் விட்டாச்சு. வருத்தம்தான், ஆனா பரவாயில்லை.

நேத்து அண்ணாகிட்ட புதுத் தாளைக் கொடுத்தேன். கடைசி வரியைத்தான் முதல்ல பார்த்தார். அப்புறம் கேட்டார், "முப்பது மரமோ? அப்ப எண்ணிப்போட்டே வரலாம். இடியப்பம் நான் கட்டுறன்."

டிஸ்கி: சொதி உண்டான்னு கேட்டிருக்கேன். பதில் வரலை :)