பெயர் பொறியாத நடுகல்

போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொன்மரபு. காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக அதற்கு ஆறு துறைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துள்ளார். மாண்டவன் பெயரையும் செயலையும் கல்லிற் பொறிப்பர்.

சிங்கப்பூர் எஸ்பிளனேடில் எழுந்த கல்லிலோ ஒருவர் பெயரும் இல்லை. 1944இல் இம்பால், கோகிமா போர்முனைகளில் இந்திய தேசிய இராணுவத்தினர் பலர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழரும் அப்படையில் இருந்தனர். அவர்களுள் பெயரறியா வீரனுக்கென 1945 ஜூலை 8ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று சொற்களே அதில் பொறிக்கப்பெற்றன.

செப்டம்பரில் மீண்டு வந்த ஆங்கிலேயர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். இறந்தவன் கல்லுக்கும் அஞ்சினர் போலும்! தம் தரப்பில் மாண்டோர் இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களைக் கிராஞ்சியில் பொறித்து வைத்தவர்களும் அவர்களே. தகர்ந்த இடத்தில் தேசிய மரபுடைமைக் கழகம் நினைவுக்குறி ஒன்றை நட்டது 1995இல்தான்.