நந்தலாலின் தண்டி யாத்திரை: கடல் இல்லாத ஓர் அச்சுப்படம்

புதுதில்லி: மாநிலங்களவையில் 2025 பிப்ரவரியில் ஒரு நாள் ஓவியங்களுக்காக அமளி நடந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதியில் உள்ள 22 ஓவியங்கள் கடைகளில் விற்கப்படும் பிரதிகளில் இல்லை என்று பாஜக உறுப்பினர் ராதா மோகன் தாஸ் அகர்வால் பிரச்னை எழுப்பினார். ஓவியங்கள் கொண்ட பிரதியே அதிகாரபூர்வமானது என்றார் அப்போதைய அவைத் தலைவர் ஜகதீப் தன்கர். எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன.

அந்த ஓவியப் பணிக்குத் தலைமை வகித்தவர் சாந்திநிகேதனின் நந்தலால் போஸ். தண்டி யாத்திரைக் காட்சியும் அதில் உண்டு. அது இடம்பெற்றிருப்பது எங்கே தெரியுமா? இந்தியை ஆட்சிமொழியாக்கும் 343-வது பிரிவு தொடங்கும் 17-வது பகுதியில்! தமிழக உறுப்பினர்கள் பலமுறை மேற்கோள் காட்டிய பகுதி அது.

எனினும் தண்டி என்றதும் நினைவுக்கு வரும் நந்தலாலின் படம் அதுவன்று. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1930-ல், அவர் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட 'பாபுஜி'தான் அது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகக் காந்தியடிகள், கையில் தடி, நடந்துகொண்டிருக்கிறார். குஜராத்தின் அந்தக் கடலோரச் சிற்றூருக்குப் போகும் பயணம்தான். ஆனால் படத்தில் கடல் இல்லை, உப்பு இல்லை, உடன் புறப்பட்ட 78 பேரும் இல்லை. மார்ச் 12-ல் சபர்மதியில் தொடங்கி ஏப்ரல் 6-ல் உப்பு அள்ளியது வரையிலான வரலாறு முழுவதும் ஓர் உருவத்தின் நடையில் அடங்கிவிட்டது.

மரப்பலகையைவிட எளிதாகச் செதுக்கக்கூடியது லினோலியம். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் பூசிய தரைவிரிப்பு அது, அதிகம் செலவில்லை. செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது. அது வெள்ளையாக நிற்கும். அதாவது, காந்தியடிகளின் கோடுகள் அனைத்தும் நந்தலால் தோண்டி நீக்கிய இடங்கள். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ஏழையின் உப்புக்கும் வரி விதித்த அரசை எதிர்த்த இயக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலை வடிவம் இருந்திருக்க முடியாது.

இன்று நிலைமை வேறு. நந்தலாலின் படைப்புகளில் 6,000-க்கும் மேற்பட்டவை தில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தின் வசம் உள்ளன. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அவரது படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல முடியாது. பாதுகாப்பு தேவைதான். ஆனால் பலரிடம் சேருவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று பெட்டகப் பொருளாவது சற்று விசித்திரம். அவையில் ஓவியங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் இந்தக் கேள்வியையும் எழுப்பலாம்.

தண்டியில் 2019 ஜனவரி 30-ல் உப்பு சத்தியாகிரக நினைவிடம் திறக்கப்பட்டது. யாத்திரை சென்றவர்களுக்கு அங்கே ஆளுயரச் சிலைகள் உண்டு. தலைநகரில் சர்தார் படேல் மார்க்கில் நிற்கும் 'கியாரா மூர்த்தி' சிலைத் தொகுதியும் அதே யாத்திரைதான். அதை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரிக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர். மெரீனா காந்தி சிலையும் அவர் செய்ததே.

நந்தலாலின் லினோ படங்கள் முற்றிலும் பூட்டப்பட்டுவிடவில்லை. 'பாபுஜி' உருவான அதே 1930-ல் தாகூரின் 'சகஜ் பாட்' என்ற அரிச்சுவடி வெளிவந்தது. அதற்கும் படங்கள் அவருடையவையே. வங்கக் குழந்தைகளுக்காக அந்தச் சிறு நூல் இன்றும் அச்சாகிறது.