பல்லுக்கு கிளிப் போட்டா நாக்கு ருசி போயிடுமா? உண்மையில் என்ன நடக்குது?

"கிளிப் போட்டதுல இருந்து எதைச் சாப்பிட்டாலும் சப்புன்னு இருக்கு." பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் முதல் ஒரு மாதம் கேட்கும் புலம்பல் இது. சிலருக்கு வாயில் எப்பவும் இரும்பு வாடை. சிலருக்கு வழக்கமா குடிக்கிற ரசமே எரியுது. ஒன்றரை, இரண்டு வருஷம் வாயில் இருக்கப்போகிற கம்பி ஆச்சே, இனிமே இப்படித்தானா என்ற பயத்தில் பாதியிலேயே கழற்றிவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு.

நேரா விஷயத்துக்கு வந்துடலாம். பல்லின் வெளிப்பக்கம் ஒட்டும் கிளிப், சுவை மொட்டுகளை எதுவும் செய்வதில்லை. அப்படின்னா ருசி ஏன் குறையுது?

ருசி நாக்குல மட்டும் இல்ல

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. சுவை மொட்டுகள் அறிவது இந்த ஐந்தைத்தான். நாக்கில் மட்டுமல்ல, உள்ளண்ணத்திலும் தொண்டையிலும்கூட இந்த மொட்டுகள் இருக்கின்றன. (நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று வரைந்து காட்டுவார்களே, அந்த நாக்கு வரைபடம் தப்பு. 1901-ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னாடி வந்தவங்க தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை.) காரம் இந்தப் பட்டியலிலேயே கிடையாது. அது எரிச்சலையும் சூட்டையும் உணரும் வேறொரு நரம்பின் வேலை.

பிரியாணிக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் காட்டுவதில் பெரும்பங்கு வாசனைக்குத்தான். அந்த வாசனை, உணவை மெல்லும்போது வெளிப்பட்டு தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். கிளிப் போட்டவர்கள் கோட்டை விடுவது இந்த மெல்லும் வேலையில்தான்.

கம்பியை முறுக்கிய சில மணி நேரத்தில், பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்த்திசு அழுத்தப்பட்டு வலி ஆரம்பிக்கும். அடுத்த ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதுவரை சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த தயிர்சாதம், கஞ்சி. இதையும் மெல்லாமல் அப்படியே விழுங்கினால் வாசனை எங்கே வரும்? முறுக்கு, தட்டை, எலும்புக்கறி, கரும்பு எல்லாத்துக்கும் தடை வேற. மொறுமொறுப்பும் ருசியில் ஒரு பங்கு என்பது அது இல்லாதபோதுதான் தெரியும்.

ரசம் எரிவதற்குக் காரணம் புண். கிளிப்பின் முனை உதட்டிலும் கன்னத்திலும் உரசி கிளம்பிய புண் மேல் மிளகும் புளியும் பட்டால் எரியத்தானே செய்யும். டாக்டர் கொடுக்கும் மெழுகைக் கொஞ்சம் உருட்டி, உரசும் முனை மேல் ஒட்டிக்கொண்டால் போதும்.

அந்த இரும்பு வாடை

கம்பிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நிக்கல்-டைட்டானியத்தால் ஆனவை. எச்சிலில் இவற்றிலிருந்து மிகச் சிறிய அளவு உலோகம் கரைவது உண்மை. ஆனால் வாடை வாரக்கணக்கில் நீடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈறுகளை. கம்பிக்கு அடியில் பிரஷ் சரியாகப் போகாது. அங்கே தங்கும் உணவால் ஈறு வீங்கி, லேசாக ரத்தம் கசியும். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அந்த வாடைதான் வாயில் தெரியும். இடுக்குகளுக்கான குட்டி பிரஷ் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்.

கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கும், புண்ணாகும் என்பவர்கள் மட்டும் கிளிப் போடும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது நிக்கல் அலர்ஜியாக இருக்கலாம். நிக்கல் இல்லாத கம்பிகளும் உண்டு.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், மவுத்வாஷ். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ், ருசியை, அதுவும் குறிப்பா உப்பு ருசியை, மந்தமாக்கும். பல்லில் பழுப்புக் கறையும் படியும். டாக்டர்கள் பொதுவாக இதைக் கொஞ்ச நாளைக்குத்தான் எழுதிக்கொடுப்பார்கள். நம்ம ஆட்கள் பாட்டில் தீர்ந்ததும் அடுத்த பாட்டில் வாங்கி மாதக்கணக்கில் கொப்பளிப்பார்கள். பழி என்னவோ கம்பி மேல! எத்தனை நாள் பயன்படுத்தணும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பிளேட், அலைனர் போட்டவங்களுக்கு

அண்ணத்தை மூடும் பிளேட் போட்டால் உணவின் சூடும் பதமும் சரியாகத் தெரியாது. முதல் சில நாள் எச்சில் வேற ஊறிக்கிட்டே இருக்கும், பிறகு வாய் பழகிவிடும். பிளேட்டோடு காபி குடிப்பவர்கள் ஜாக்கிரதை. அண்ணத்துக்கு சூடு தெரியாமல் தொண்டை வெந்துவிடும்.

அலைனரைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடணும் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் சாதாரணத் தண்ணீர் மட்டும்தான். டீக்கு நடுவுல பிஸ்கட் கொறிக்கிற பழக்கம் இருந்தால் கஷ்டம்தான்.

ருசி இல்லையே என்று கூடுதலாக சர்க்கரை போட்டுக்கொள்வதும் குளிர்பானத்துக்கு மாறுவதும் வேண்டாம். கிளிப்பைச் சுற்றி சொத்தையின் முதல் அடையாளமான வெள்ளைத் திட்டு விழும். கம்பியைக் கழற்றிய பிறகும் அது தெரியும். அதற்குப் பதிலா, உணவைச் சின்னச் சின்னதாக வெட்டி, கடைவாயில் மெதுவாக மெல்லலாம். வலி நாட்களில் கொத்தமல்லி, பெருங்காயம், சீரகத் தாளிப்பு என்று வாசனையைக் கொஞ்சம் கூட்டினால் குழைந்த சாதமும் இறங்கும். மஞ்சளால் கிளிப்பின் ரப்பர் மஞ்சளாகும்தான், கவலை வேண்டாம், அடுத்த முறை போகும்போது மாற்றிவிடுவார்கள்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

வாசனையும் சேர்ந்து போயிருந்தால் அது பெரும்பாலும் சளி, சைனஸ், கொரோனா போன்ற மூக்கு சம்பந்தப்பட்ட பிரச்சினை. வாயெல்லாம் சிவந்து அரித்தாலோ, இரண்டு வாரம் தாண்டியும் ருசி திரும்பாவிட்டாலோ பல் டாக்டரிடம் போக வேண்டும். சிகிச்சைக்காக கீழ் ஞானப்பல்லை எடுத்தவர்களும் தாடை ஆபரேஷன் செய்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்கணும். நாக்கின் முன்பகுதிச் சுவையைக் கொண்டுபோகும் நரம்பு கீழ் ஞானப்பல்லுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. மரத்துப்போகும் ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாளும் நாக்கின் ஒரு பக்கம் மரத்தே இருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.