சரவெடிக்கு முன் குதிரையைத் தயார் செய்வது எப்படி?

உங்களிடம் ஒரு குதிரை இருக்கிறது. பழனியில் வண்டியில் பூட்டுவதாக இருக்கலாம், மெரினாவிலோ ஊட்டியிலோ சவாரிக்கு விடுவதாக இருக்கலாம், அந்தியூர்ச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். தீபாவளிக்குத் தெருமுனையில் பட்டாசுக் கடை போட்டுவிட்டார்கள். இனி என்ன செய்வது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெடிச் சத்தத்தால் குதிரைக்கு நேரடியாகக் காயம் படுவது குறைவு. சத்தத்துக்குப் பயந்து ஓடும்போது எதன் மீது போய் மோதுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கம்பி வேலி, திறந்த சாக்கடை, வரும் லாரி, சொந்தக் கொட்டகையின் ஆணி என்று எதுவாகவும் இருக்கலாம். ஆகவே உங்கள் வேலை இரண்டு: பயத்தைக் குறைப்பது, அதையும் மீறிப் பயந்தால் அடிபடாமல் பார்த்துக்கொள்வது.

மாடு சும்மா நிற்கிறது, குதிரை மட்டும் ஏன் இப்படி மிரள்கிறது?

ஆபத்து என்றால் மாட்டுக்குக் கொம்பு உண்டு. குதிரைக்கு முதல் ஆயுதம் ஓட்டம். முதலில் ஓடும், ஏன் ஓடினோம் என்று அப்புறம்தான் பார்க்கும். அதன் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றளவுக்குப் பார்வை உண்டு. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் தெரியாது. எங்கோ ஒரு ஓரத்தில் ஒரு மின்னல் பளிச்சென்றாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. இருட்டில் நன்றாகப் பார்க்கும் கண்தான், ஆனால் திடீர் வெளிச்சத்துக்குப் பழக அதற்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். தீபாவளி அமாவாசை இருட்டில் வருவது இந்த வகையில் குதிரைக்குப் பாதகம்.

காதும் அப்படித்தான். ஒவ்வொரு காதையும் தனித்தனியாகத் திருப்பிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும். நமக்குக் கேட்காத கீச்சொலிகளும் அதற்குக் கேட்கும். நம் நாட்டுச் சட்டப்படி, வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) மேல் சத்தம் போடும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அந்த வரம்புக்குள் இருக்கும் வெடியே நம் காதை அடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நியூசிலாந்தில் குதிரை வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுமார் ஐந்தில் நான்கு குதிரைகள் வாணவெடிக்குப் பதறுவதாகச் சொன்னார்கள். பதறிய குதிரை செய்யும் முதல் காரியம் ஓட்டம் என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே உங்கள் குதிரை மட்டும் கோழை என்று நினைக்க வேண்டாம்.

அரசு குறித்த நேரத்தில்தானே வெடிப்பார்கள்?

2018-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்றுதான் நேரம் ஒதுக்குகிறார்கள். நடைமுறை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கங்கா ஸ்நானம் முடிந்த கையோடு விடியற்காலை நாலு மணிக்கே முதல் சரம் வெடிக்கும். முதல் நாள் மாலையே பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே முதல் நாள் மாலையிலிருந்து தீபாவளிக்கு மறுநாள் காலை வரை காவல் இருப்பதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிப்போட்டுவிட்டால் போதாதா?

இதில்தான் நம் ஊரில் தவறு நடக்கிறது. தலைக்கயிறு போட்டு, பின்கால்களையும் கயிற்றால் முளையில் கட்டுவது நம்மிடையே பழக்கம். மற்ற நாட்களில் சரி. வெடி இரவில் அது பொறி. பயந்த குதிரை பின்னுக்கு இழுக்கும், கால் கட்டு விடாது, குதிரை விழும். விழுந்த குதிரை கயிற்றோடு போராடும்போது தொடைத் தசை கிழியலாம், கால் எலும்பு முறியலாம், கழுத்துக்கும் கேடு.

நாலு பக்கமும் உறுதியான சுவரோ தடுப்போ இருந்தால் உள்ளே அவிழ்த்துவிடுவதே நல்லது. இரண்டு எட்டு திரும்பி நடக்க முடிந்தாலே பாதிப் பயம் தணியும். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் கால் கட்டை விட்டுவிடுங்கள். தலைக்கயிற்றை மட்டும், நுனியை இழுத்தால் உடனே அவிழும் உருவு முடிச்சாகப் போடுங்கள். கயிறு தரையில் படும் அளவுக்கு நீளமாக வேண்டாம், கால் சிக்கிக்கொள்ளும்.

நைலான் கயிறு கட்டவே கட்டாதீர்கள். அது அறாது, தோலைத்தான் அறுக்கும்.

கொட்டகையா, திறந்த வெளியா?

எது பழக்கமோ அதுவே. ஆண்டு முழுக்கத் தோப்பில் திரிந்த குதிரையைத் திடீரென்று இருட்டு அறையில் அடைத்தால் அறையே அதற்கு இன்னொரு பயம். ஆனால் ஒரு நிபந்தனை: தோப்புக்கு வேலி உறுதியாக இருக்க வேண்டும், முள்கம்பியாக இருக்கக் கூடாது, பக்கத்தில் தெரு இருக்கக் கூடாது. ஊருக்கு நடுவே இருப்பவர்களுக்குக் கொட்டகைதான் வழி. ஊருக்கு வெளியே உறவினர் தோட்டம் இருந்தால் கொண்டுபோய் விடலாம். அன்று மாலை கொண்டுபோகாமல் நான்கைந்து நாள் முன்னதாகவே கொண்டுபோய்ப் பழக்கிவிடுங்கள்.

கொட்டகைக்குள் ஒரு விளக்கு எரியட்டும். உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியே பளிச்சிடுவது அவ்வளவாக உறுத்தாது. ஜன்னல், இடுக்குகளைச் சாக்கால் மறையுங்கள், சாக்கை நனைத்துப் போடுங்கள். ஒரு ரேடியோவைச் சன்னமாகப் பாடவிடுங்கள். ஆனால் அது அன்றைக்குப் புதிதாகத் தொடங்கக் கூடாது, ஒரு வாரம் முன்பிருந்தே பாடட்டும். சுவரில் துருத்தும் ஆணி, காது வைத்த வாளி, சாய்த்து வைத்த மண்வெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

துணை முக்கியம். இரண்டு குதிரைகள் ஒன்றாக நின்று பழகியிருந்தால் பிரிக்காதீர்கள். ஒற்றைக் குதிரைக்குப் பழகிய ஆடு ஒன்று பக்கத்தில் நின்றாலும் தைரியம்தான்.

தீ விபத்துக்கு என்ன செய்வது?

கீற்றுக் கொட்டகை, பக்கத்திலேயே வைக்கோல் போர், மேலே பறக்கும் ராக்கெட். இவை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வைக்கோலைத் தள்ளி வைத்துத் தார்ப்பாயால் மூடுங்கள். கூரையைச் சாயங்காலம் நீர் தெளித்து நனையுங்கள். ஐப்பசி மழை பெய்திருந்தால் அந்த வேலை மிச்சம். இரண்டு பீப்பாய் தண்ணீர், நாலு வாளி மணல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கதவுக்குப் பூட்டுப் போடாதீர்கள், தாழ்ப்பாள் போதும். தலைக்கயிறு ஒன்று வாசலிலேயே தொங்கட்டும். தீயணைப்புக்கு 101.

பழக்கப்படுத்தவே முடியாதா?

முடியும், நேரம் வேண்டும். காவல்துறைக் குதிரைகள் கூட்டத்துக்கும் கூச்சலுக்கும் நடுவே அசையாமல் நிற்பது பிறவிக் குணம் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியது. நீங்களும் ஒன்றிரண்டு மாதம் முன்பே தொடங்கலாம். கைபேசியில் வெடிச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு, குதிரை தீவனம் தின்னும் வேளையில் மிக மிக மெதுவாக வையுங்கள். தின்றுகொண்டே இருந்தால் நல்லது. தலையைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் எல்லாம் தலைகீழாகிவிடும். பழகட்டும் என்று பக்கத்தில் நிஜ வெடி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது பழக்குவது அல்ல, இம்சை.

மயக்க மருந்து கொடுக்கலாமா?

போன ஆண்டு நிலைகொள்ளாமல் தவித்த குதிரை என்றால், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். இந்த மருந்துகளைப் பயம் வருவதற்கு முன் கொடுத்தால்தான் சரியாக வேலை செய்யும். வெடி ஆரம்பித்த பிறகு ஓடிப் பயனில்லை. சில வகை மருந்து ஆண் குதிரைக்கு ஆகாது, சினைக் குதிரைக்கு எல்லாமே கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஆணா, சினையா என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் நிற்கும் குதிரையும் உதைக்கும் என்பது நினைவிருக்கட்டும். மனிதர் தின்னும் தூக்க மாத்திரையும் வேண்டாம், சாராயமும் வேண்டாம்.

அன்றிரவு நான் என்ன செய்ய வேண்டும்?

கூட இருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் கொட்டகையில் தீபாவளி இரவைக் கழித்தேன். செம்மண் நிறப் பெட்டைக் குதிரை. முதல் சரம் தொடங்கியதும் மெல்லுவதை நிறுத்தியது. வாயோரம் ஒரு வைக்கோல் தாள் அப்படியே தொங்கியது. தோள் தோல் ஈ உட்கார்ந்தது போல் துடித்தது. கால் மணி நேரத்தில் மூன்று முறை சாணி போட்டது, மூன்றாவது முறை தண்ணீராக. நண்பர் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி, கொள்ளு விலை ஏறியதைப் பற்றி அதனிடம் பேசிக்கொண்டே இருந்தார். தட்டிக்கொடுக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. ஒன்பதரை மணிக்கு அந்த வைக்கோல் தாள் உள்ளே போனது. அப்போதுதான் அவர் எழுந்து வெற்றிலையைத் துப்பப் போனார்.

நீங்கள் பதறினால் குதிரை அதைக் கண்டுகொள்ளும். அதனால் வீட்டில் நிதானமானவர் யாரோ அவர் இருக்கட்டும். குடித்தவர் வேண்டாம். பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் பின்னால் நிற்காதீர்கள். குதிரைக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாதீர்கள். கண்ணின் வெள்ளை தெரிந்து, வேர்த்து, சுற்றிச் சுற்றி வந்தால் அமைதிப்படுத்தப் போகிறேன் என்று உள்ளே நுழைய வேண்டாம். வெளியே நின்று பேசுங்கள்.

வெடி நேரத்தில் சவாரி, வண்டி இரண்டும் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டால், குதிரைக்குப் பக்கத்தில் வெடி வைக்க மாட்டோம் என்று முன்னதாகவே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். வெடிக்கிற தெருவில் வண்டியிழுக்கும் குதிரை மிரண்டால் சேதம் உங்களோடு நிற்காது.

தீவனம் எப்படி?

வழக்கம் போலவே. பண்டிகை என்று ஒரு படி கொள்ளு கூடுதலாக வைக்காதீர்கள், அதிரசம், முறுக்கு ஊட்டவும் வேண்டாம். பதற்றமும் தீவன மாற்றமும் சேர்ந்தால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அதன் வயிற்றுவலி உயிருக்கே உலை வைக்கும். இரவு முழுக்கக் கொறிக்க உலர்புல்லோ வைக்கோலோ இருக்கட்டும். தண்ணீர் நிறைய வேண்டும்.

விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் புரள்வது, சாணி போடாமல் இருப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்துப் புட்டியால் எண்ணெய் புகட்டும் வைத்தியம் வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் மீட்பது கஷ்டம். கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962. ஆனால் பண்டிகை இரவில் அதை மட்டும் நம்பியிருக்காமல், அன்று ஊரில் இருக்கும் மருத்துவர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டால்?

துரத்தாதீர்கள். பின்னால் இருசக்கர வண்டியில் போனால் இன்னும் வேகமாகத்தான் ஓடும். முன்னால் ஆள் அனுப்பி வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள், ஆரன் அடிக்க வேண்டாம் என்று கேளுங்கள், 100-க்குத் தகவல் கொடுங்கள். பழகிய இன்னொரு குதிரையை நடத்திக்கொண்டு போனால் பெரும்பாலும் தானே வந்து சேரும். இல்லையென்றால் வாளியில் கொள்ளுப் போட்டுக் குலுக்குங்கள். தினமும் கேட்டுப் பழகிய சத்தம் அது.

என்னிடம் குதிரை இல்லை, பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.

அப்படியானால் எத்தனை மணிக்கு வெடிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தள்ளிப் போய் வெடியுங்கள். ராக்கெட்டைக் கொட்டகைப் பக்கம் சாய்த்து வைக்காதீர்கள். சுற்றுலாப் போன இடத்தில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், பிள்ளையை அன்று குதிரை மேல் ஏற்றாதீர்கள்.

விடிந்த பிறகு?

குதிரையை அவிழ்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். வெடிக்காத வெடி, காகிதச் சிதறல் எல்லாம் புல்லோடு வாய்க்குள் போகும். அதைவிட மோசம் கம்பி மத்தாப்பின் கம்பி. எரிந்து முடிந்து மண்ணில் செருகிக் கிடக்கும், லாடம் அடித்த குளம்பிலும் நடுப்பகுதியில் ஏறிவிடும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டி, தரையோடு இழுத்துப் பாருங்கள். எத்தனை ஒட்டிக்கொண்டு வருகிறது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள், கால்களைக் கையால் தடவிச் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி தட்டும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். எல்லாம் அடங்கி வெகு நேரம் கழித்தும் 60-ஐத் தாண்டினால் வலி எங்கோ இருக்கிறது. சிறு கீறலானாலும் டெட்டனஸ் (இரண வழியாக வரும் நரம்பு நோய்) ஊசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள், அந்த நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் ஆளாகும் கால்நடை வேறில்லை. அன்று ஒரு நாள் வேலைக்குப் பூட்ட வேண்டாம்.

நனைத்துப் போட்ட சாக்குகளைக் காயவைத்து மடித்து அங்கேயே வையுங்கள். நம் வீடுகளில் மிச்ச வெடியைக் கார்த்திகைக்கு என்று எடுத்து வைப்பார்கள். கார்த்திகை சில ஆண்டுகளில் இரண்டு வாரத்தில் வரும், சில ஆண்டுகளில் ஆறு வாரம் கழித்து வரும்.