விளையாட்டிலும் ஒரு கடைமடை

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. முதற்பந்தியில் அமர்ந்தவர் இலையில் எல்லாக் கறிவகைகளும் விழும். கடைசிப் பந்திக்கு வந்தவருக்கு ரசமும் மோருமே மிஞ்சும். பசியோடு வாசலில் காத்து நிற்பவரின் மனத்தாங்கல் நாம் அறியாததன்று.

அந்த மனத்தாங்கல் இன்று கைப்பேசி விளையாட்டுக்குள்ளும் புகுந்திருக்கிறது. புதிய இணைய விளையாட்டு ஒன்று வெளிவரும்போது சிலருக்கு இன்றே கதவு திறக்கிறது; சிலருக்கு அடுத்த வாரம்; இன்னும் சிலருக்கு அடுத்த மாதம். "அவளுக்குக் கிடைத்துவிட்டது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்ற கேள்வி தோழியரிடையே எழுந்து, வீட்டில் கோபமாக வெடிக்கிறது. பெற்றோருக்கோ இது புரியாத புதிராக இருக்கிறது. இக்கோபம் எங்கிருந்து வருகிறது, இதில் நியாயம் எவ்வளவு என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

2021-இல் நடந்தது

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பப்ஜி மொபைல் என்ற விளையாட்டை இந்திய அரசு 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் வேறு 117 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தது. பின்னர் கிராஃப்டன் என்னும் தென்கொரிய நிறுவனம், இந்தியாவுக்கென்றே பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற விளையாட்டை அறிவித்தது. 2021 மே 18-ஆம் நாள் முன்பதிவு தொடங்கியது. இரண்டே வாரங்களில் இரண்டு கோடிப் பேர் பதிவு செய்ததாக நிறுவனம் தெரிவித்தது.

ஜூன் 17-ஆம் நாள் "ஏர்லி ஆக்சஸ்" எனப்படும் முன்னனுமதி வந்தது. கூகுள் பிளே ஸ்டோரில் சோதனையாளராகப் பெயர் சேர்த்தவர்கள் மட்டும் அதனை இறக்கிக்கொள்ள முடிந்தது. இடங்கள் விரைவில் நிரம்பிவிட்டன. பின்னால் வந்தவர்கள் கண்டதெல்லாம் இடம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பையே. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருந்த அனைவருக்கும் முறையான வெளியீடு ஜூலை 2-ஆம் நாள் வந்தது. ஐபோன் வைத்திருந்தவர்கள் ஆகஸ்ட் 18 வரை காத்திருந்தனர். ஆக, முதலில் நுழைந்தவருக்கும் கடைசியில் நுழைந்தவருக்கும் இடையே இரண்டு மாதங்கள்!

முன்பதிவு வேறு, முன்னனுமதி வேறு என்பதைப் பலரும் உணர்ந்திருக்கவில்லை. முன்பதிவு என்பது, "வந்ததும் சொல்லியனுப்புங்கள்" என்று பெயர் கொடுத்துவைப்பது மட்டுமே. முன்னனுமதி என்பது, இடம் உள்ளவரை ஆட்களை உள்ளே விடுவது. மே மாதமே பெயர் கொடுத்தவர், ஜூன் மாதம் வந்தவர் தம்மை முந்திச் சென்றதைக் கண்டு ஏமாந்தார். "முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது" என்ற கதைதான்.

மேட்டூர் திறந்தவுடன்

அதே 2021-இல் ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. படிப்படியாகத் திறந்துவிடுவது என்றால் என்னவென்று அறிய, தஞ்சைத் தரணியில் பிறந்த நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மேட்டூரில் மதகு திறந்த அன்றே வேதாரணியம் வயலில் தண்ணீர் பாய்ந்துவிடாது. தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே சில நாட்கள் ஆகும். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடப்படும். அங்கிருந்து கிளை ஆறுகள், வாய்க்கால்கள், கன்னிகள் வழியாகக் கடைமடையைத் தொட வேண்டும். திறந்த முதல் நாளே முழு அளவில் விடுவதுமில்லை. கரைகள் தாங்க வேண்டும். ஆதலால் சிறிது சிறிதாகவே அளவை உயர்த்துவார்கள். தண்ணீர் குறைவான காலத்தில் இந்த ஆற்றுக்குச் சில நாட்கள், அந்த ஆற்றுக்குச் சில நாட்கள் என்று முறை வைத்து விடுவதும் உண்டு. இதுவே முறைப்பாசனம்.

இணைய விளையாட்டும் ஏறக்குறைய இப்படித்தான். நம் கைப்பேசியில் தெரியும் விளையாட்டு, எங்கோ இருக்கும் சர்வர் என்னும் பெரிய கணினிகளோடு இடைவிடாது பேசிக்கொண்டே இருக்கிறது. ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் தாங்கும் என்ற அளவு அவற்றுக்கு உண்டு. கோடிப் பேர் ஒரே மணியில் மொய்த்தால் கரை உடைந்த வாய்க்கால்போல எல்லாம் நின்றுபோகும்.

இது வெறும் கற்பனை அன்று. 2016 ஜூலையில் போகிமான் கோ என்ற விளையாட்டு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் வெளியானது. எதிர்பாராத கூட்டத்தால் சர்வர்கள் திணறின. மற்ற நாடுகளுக்கு விடுவதை நிறுவனம் சில நாட்கள் நிறுத்திவைத்தது. இந்தியாவுக்கு அது முறையாக வந்தது 2016 டிசம்பரில்தான். அந்த விளையாட்டுக்கு நாமும் ஒரு கடைமடையாகவே இருந்தோம்.

வெள்ளோட்டம்

மற்றொரு காரணம் பிழை பார்த்தல். புதுத் தேரை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகே திருவிழா நடத்துவது நம் வழக்கம். விளையாட்டுக்கும் வெள்ளோட்டம் வேண்டும். சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தால், எந்தக் கைப்பேசியில் நின்றுபோகிறது, எங்கே குறை என்பது தெரிந்துவிடும்.

ஏற்கெனவே உள்ள செயலியைப் புதுப்பிக்கும்போதும் இம்முறை உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் படிவாரி வெளியீட்டில், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கருவிகளுக்கு முதல் நாள் 100-க்கு 1 என்ற கணக்கில் புதுப்பிப்பு போகிறது. அடுத்தடுத்த நாட்களில் அது 2, 5, 10, 20, 50 என்று உயர்ந்து ஏழாம் நாள் 100-ஐ எட்டுகிறது. கூகுளில், எத்தனை விழுக்காட்டினருக்குக் கொடுப்பது என்பதைச் செயலியைச் செய்தவர் முடிவு செய்கிறார். அந்த விழுக்காட்டில் யார் யார் வருவார்கள் என்பது குலுக்கல் போன்றதே. ஆகவே, அடுத்த பெஞ்சுத் தோழிக்கு வந்து நமக்கு வராததற்குப் பெரும்பாலும் யாருடைய ஓரவஞ்சனையும் காரணமன்று.

காசு கொடுத்து முந்துதல்

மேலே சொன்னவை ஏற்றுக்கொள்ளத்தக்க காரணங்கள். ஆனால் வேறொரு வகையும் உண்டு. 2023-இல் ஸ்டார்ஃபீல்டு என்ற விளையாட்டு செப்டம்பர் 6-ஆம் நாள் வெளியானது. அதிக விலையுள்ள பதிப்பை வாங்கியவர்கள் செப்டம்பர் 1-ஆம் நாளே ஆடத் தொடங்கினர். 2024-இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் தி வார் விதின் என்ற புதிய பகுதி ஆகஸ்ட் 26-இல் வெளியானது. விலை கூடிய பதிப்பை வாங்கியவர்களுக்கு ஆகஸ்ட் 22-இலேயே கிடைத்தது. ஸ்டார்ஃபீல்டு ஒருவர் தனியே ஆடுவது; பிறர் முந்தினால் நமக்கு இழப்பு சிறிதே. வார்கிராஃப்டோ பலர் கூடி ஆடுவது. அதில் நான்கு நாள் முந்தியவர் பல படிகள் மேலே ஏறி நிற்பார். பின்வந்தவர் மனம் நோவது இயல்பே.

இதுவும் உலகில் புதிதன்று என்பதை நம் தாத்தா பாட்டியர் சொல்வார்கள். அந்நாளில் வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஓ.ஒய்.டி. என்ற பிரிவில் கூடுதல் வைப்புத்தொகை கட்டியவர்களுக்கு இணைப்பு விரைவில் கிடைத்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அப்படியே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பொருள் தட்டுப்பாடாக இருந்ததால் அன்று வரிசை இருந்தது. இன்றோ விளையாட்டு ஆயத்தமாகி நின்றபோதிலும், முந்திச் செல்லும் உரிமையையே ஒரு சரக்காக்கி விற்கிறார்கள். தண்ணீர் நிறைந்து நிற்கும் வாய்க்காலில் பலகையைப் போட்டு மறித்துவிட்டு, திறப்பதற்குக் காசு கேட்பது போன்றது இது. கரை காக்க மதகை மூடுவதும் காசுக்காக மதகை மூடுவதும் ஒன்றல்ல என்பதை நாம் பகுத்துணர வேண்டும்.

கோபத்தின் வேர்

கடைமடை உழவர் எப்போது கொதித்தெழுகிறார்? தண்ணீர் வரத் தாமதம் என்றவுடனேயே அன்று. திறக்கும் நாள், முறை வரும் நாள், ஆற்றில் விடும் அளவு ஆகியவை முன்னதாகத் தெரிந்தால் அவர் அதற்கேற்ப நாற்று விடுவார், அல்லது விதைப்பைத் தள்ளிப்போடுவார். அறிவித்த நாளில் தண்ணீர் வராதபோதும், தலைமடையில் எவரோ இரவோடிரவாக மடையை வெட்டிவிட்டார் என்று தெரியும்போதும் அவர் பொங்குகிறார். காத்திருப்பதைத் தாங்கும் மனிதர், ஏமாற்றப்படுவதைத் தாங்குவதில்லை.

விளையாட்டில் எழும் கோபத்துக்கும் இதுவே வேர். எத்தனை இடம், எந்நாளில் மீண்டும் திறக்கும், எந்த முறைப்படி ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும். முன்னனுமதியில் சேர்த்த படிகளும் பொருள்களும் பின்னரும் செல்லுபடியாகும் என்றால், பின்வருபவருக்கு என்ன ஈடு என்பதையும் சொல்ல வேண்டும். உழவருக்குத் தாமதம் என்பது வயிற்றுப்பாடு. நமக்கு அது பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே எடை அல்ல. ஆயினும் முறை தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இரண்டிலும் ஒன்றே.

வீட்டிலும் ஒரு கடைமடை

இங்கே பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். நம் இல்லங்கள் பலவற்றில் கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறது. அது முதலில் அப்பாவிடம், பிறகு அண்ணனிடம், பிறகு தம்பியிடம் போகிறது. பாத்திரம் துலக்கி, மறுநாளைக்கு மாவு கரைத்து வைத்த பிறகு மகளிடம் வரும்போது அதில் மின்னேற்றம் தீர்ந்திருக்கிறது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 100-க்கு 57 பேர், பெண்களில் 33 பேர். விளையாட்டுக்கு மட்டுமா? பாடம் பார்க்கவும், தேர்வுக்கு விண்ணப்பிக்கவும், உதவித்தொகை பற்றி அறியவும் அதே கைப்பேசிதான் வேண்டியிருக்கிறது. யாருக்கு எந்த நேரம் என்று சுவரில் எழுதி ஒட்டி, அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே முறை வைத்தால், வீட்டுச் சண்டைகளில் பல தாமே ஓய்ந்துவிடும்.

நாம் செய்யத்தக்கவை

மாணவியராகிய நாமும் சிலவற்றை மனத்தில் கொள்வோம். முறை வரும் முன்னே குறுக்கு வழி தேடுவது ஆபத்து. 2016-இல் போகிமான் கோ வராத நாடுகளில் பலர் கண்ட கண்ட இடங்களிலிருந்து அதனை இறக்கினார்கள். அப்போது ட்ராய்ட்ஜாக் என்ற தீய நிரல் கலந்த போலிப் பிரதி ஒன்றும் உலவியது. அது கைப்பேசியையே பிறர் கைக்குள் கொண்டுபோகும் தன்மையது. அப்பாவின் வங்கிக் கணக்கும் அம்மாவின் எண்ணும் உள்ள கைப்பேசியில் அவ்வாறு செய்வது, ஒரு மரக்கால் நெல்லுக்காகக் களஞ்சியச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். "உடனே உள்ளே விடுகிறோம், கடவுச்சொல்லைச் சொல்" என்று எவர் கேட்டாலும் மறுத்துவிடுவோம்.

அளவும் தேவை. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தபோது, 18 வயது நிறையாதவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. 3 மணியும் ஆடியே தீர வேண்டும் என்பது அதன் பொருளன்று!

இன்று கடைமடையில் நிற்கும் நாம் நாளை தலைமடைக்கு வரக்கூடும். விளையாட்டைச் செய்யும் பொறியாளராகவோ, அணையைத் திறக்கும் அதிகாரியாகவோ, வரிசையை ஒழுங்கு செய்யும் அலுவலராகவோ நம்மில் சிலர் அமர்வோம். அப்போது வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அவர் முறை வரும் நாளை முன்கூட்டியே சொல்வோம். சொன்ன நாளில் திறப்போம்.